கணுக்கால் காசநோய்க்கு அறுவை சிகிச்சை கட்டாயமா?

கணுக்கால் எலும்பில் காசநோய் என்று உறுதியான பிறகு அறுவை சிகிச்சையும் வேண்டும் என்கிறார்களே, மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்த என் அம்மாவுக்கு 2021-இல் இந்நோய் வந்தபோது, ஒன்றரை ஆண்டு உடனிருந்து பார்த்தவன்.

நோயைக் குணமாக்குவது மாத்திரைதான். தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையும் மாவுக்கட்டுமே பெரும்பாலும் போதும். அம்மாவுக்கு அது தவறிவிட்டது. வரப்பில் கால் புரண்ட சுளுக்கு என்று நம்பி நான்கு மாதம் எண்ணெய்க்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். வீக்கத்தைத் தொட்டால் சுடவில்லை, இருமலும் இல்லை. காசநோய் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. புண் வாய் திறந்து சீழ் கசியத் தொடங்கிய பிறகே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. முதல்முறை சீழையும் செத்த எலும்பையும் சுரண்டி எடுத்தார்கள். எடுத்த திசுவை இரண்டு குப்பிகளில் பிரித்திருந்ததை மருத்துவர் எனக்குக் காட்டினார்: ஃபார்மலின் ஊற்றியது பயாப்சிக்கு, உப்புநீர் ஊற்றியது கிருமி வளர்ப்புச் சோதனைக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று வளர்த்துப் பார்க்க வழியிருக்காது. இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. எலும்புக் காசநோய்க்கு மொத்தம் 12 மாதம், தேவைப்பட்டால் 18 வரை நீட்டுவார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் இரத்தம் என்று அம்மா பதறிவிட்டார். அது அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் செய்யும் வேலை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக அப்போது மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆகியிருக்கிறது.

நோய் அடங்கிய பின்னும் காலை ஊன்றினால் வலி உயிர்போனது, ஏனெனில் மூட்டின் குருத்தெலும்பு பெரும்பாலும் அரித்துப் போயிருந்தது. ஆகவே இரண்டாம் முறை, மிச்சமிருந்த குருத்தெலும்பையும் செதுக்கிவிட்டு, கெண்டைக்கால் எலும்பும் பாத எலும்பும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்படி திருகாணி வைத்து முடுக்கினார்கள். மூன்று மாதம் மாவுக்கட்டு. வலி போயிற்று, கணுக்கால் மடங்குவதும் போயிற்று. இப்போது அம்மாவால் குத்துக்காலிட்டுக் களையெடுக்க முடியாது. மணை போட்டு உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து எடுக்கிறார். ஆகவே உங்களுக்குச் சொல்லியிருப்பது சுரண்டும் சிகிச்சையா, மூட்டை இணைக்கும் சிகிச்சையா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டாவது என்றால், தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை உங்களுக்கு உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.