முறுக்கின் சுற்று கோணினால் தூக்கம் போகிறது: இது குணமா, நோயா?

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொடுக்கிறேன். வயது 36. கைமுறுக்கில் ஒரு சுற்று சற்றுக் கோணினாலும் மனம் ஒப்பாமல் பிரித்து மறுபடி சுற்றுகிறேன். படுக்க இரவு இரண்டு மணியாகிறது. உதவிக்கு வரும் பெண்ணையும் கடிந்துகொள்கிறேன். சென்ற மாதம் ஒரு கல்யாணச் சீர்ப் பலகார ஆர்டரை, சரியாக வராதோ என்ற பயத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'அது உன் பிறவிக்குணம், மாறாது' என்கிறார் என் வீட்டுக்காரர். இது குணமா, நோயா? மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெர்ஃபெக்‌ஷனிசம் என்று பலரும் சொல்லும் இந்த முழுமைநாட்டம், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் தனி நோயாக இடம்பெறவில்லை. அது ஒரு மனப்பாங்கு. ஆனால் மனச்சோர்வு, பதற்றநோய், உணவுக் கோளாறுகள் போன்றவற்றுக்கு அடியில் அது அடிக்கடி காணப்படுகிறது என்பதால், குணம்தானே என்று விட்டுவிடவும் முடியாது.

ஆளுமையை உளவியலாளர்கள் ஐந்து பெரும் பண்புகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். அவற்றுள் இரண்டு உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையவை: ஒழுங்கும் விடாமுயற்சியும் சேர்ந்த பொறுப்புணர்வு ஒன்று, எளிதில் கவலையும் குற்றவுணர்வும் கொள்ளும் பதற்றப்பாங்கு மற்றொன்று. வேலை நன்றாக அமைய வேண்டும் என்ற முனைப்பு பொறுப்புணர்வோடு சேர்ந்து வருகிறது. பிழையைப் பற்றிய அச்சமும், செய்தது சரிதானா என்ற ஓயாத ஐயமும், பிறர் குறை சொல்வார்களோ என்ற நடுக்கமும் பதற்றப்பாங்கோடு சேர்ந்து வருகின்றன. மனநலத்தைப் பெரிதும் பாதிப்பது இந்த இரண்டாவது வகைதான் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இவ்விரண்டும் ஒரே ஆளிடம் பின்னிக் கிடப்பதால்தான், 'இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வதால்தானே எனக்குப் பெயர் இருக்கிறது' என்று அச்சத்தையும் திறமையின் கணக்கிலேயே வரவு வைத்துவிடுகிறோம்.

கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் இதை வேறொரு விதமாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன. முறுக்கைப் பிரிப்பது முதலாவது, உதவிப் பெண்ணைக் கடிவது இரண்டாவது, சீர் ஆர்டரை மறுத்தது மூன்றாவது. மனச்சோர்வோடு மிக நெருங்கிய உறவுடையது இந்த மூன்றாவது வகை. கல்யாண வீட்டில் சாமான் பரப்பிய பிறகு, வருகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசும் ஊரில் வாழ்கிறீர்கள். அந்தப் பார்வையை நீங்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. ஆனால் பலகாரத்தைப் பார்க்கிற கண் தன்னையே எடைபோடுகிறது என்று கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆத்தங்குடிக் கல்லின் அழகே ஒன்றைப் போல ஒன்று இல்லாததுதான் என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு முறுக்கு ஒரே அளவாக, மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. அந்தத் தரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி யாரும் உங்களிடம் சொல்லத் தேவையில்லை. மாறவேண்டியது, கோணல் கண்ணில் பட்ட அடுத்த நிமிடம் நீங்கள் செய்கிற காரியம். பிரித்துச் சுற்றியதும் மனம் சற்று அடங்குகிறது. அந்த நிம்மதியே, பிரிக்காமல் விட்டால் ஆபத்து என்ற நம்பிக்கையை மேலும் கெட்டிப்படுத்துகிறது. அதற்குள் மாவு காய்ந்து, முறுக்கும்போது இழை விண்டுபோவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்: திருத்தமே புதுக் குறையை உண்டாக்குகிறது.

எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதற்கென ஒரு பயிற்சி உண்டு. வழக்கமாக வாங்கும் ஒருவரின் அடுத்த ஆர்டரில், ருசியும் பதமும் சரியாக இருந்து சுற்று மட்டும் சற்றுப் பிசகிய நான்கைந்து முறுக்குகளைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அனுப்புவதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்களோ அதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: 'திருப்பி அனுப்புவார்கள்', 'இனி வாங்கமாட்டார்கள்' என்று எதுவானாலும். ஒரு வாரம் கழித்து, உண்மையில் நடந்ததை அதன் எதிரே எழுதுங்கள். 'நன்றாக இருந்ததா' என்று போன் செய்து கேட்கக் கூடாது. அதுவும் முறுக்கைப் பிரிப்பதன் மறுவடிவமே. பேரேடும் ஐந்தொகையும் எழுதி வட்டிக்கடை நடத்திய ஊரில், அச்சத்தையும் வரவையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்பது புதிய வித்தையாக இராது. முதல் இரண்டு முறை மனம் மிகவும் அடித்துக்கொள்ளும். அப்போது விட்டுவிட வேண்டாம். நான்கைந்து ஆர்டர்களுக்குப் பிறகுதான் நோட்டில் ஏதாவது தெளிவாகத் தெரியும்.

பிறவிக்குணம் என்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆளுமைப் பண்புகளில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபு வழி வருவதாக இரட்டையர் ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே பரபரப்பில்லாத ஆளாக நீங்கள் மாறப்போவதில்லை, மாறவும் வேண்டாம். பிழைக்கு அஞ்சி வேலையைத் தள்ளிப்போடுவதும், ஆர்டரை மறுப்பதும், இரவு முழுவதும் விழித்திருப்பதும் பழக்கங்கள். அவை பயிற்சியால் தளர்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். அடுப்பை அணைத்தோமா என்று பத்து முறை பார்ப்பது, வேண்டாத எண்ணம் விரட்ட விரட்ட வருவது போன்றவை இருந்தால், அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கக்கூடும். அதற்கான சிகிச்சை வேறு. தூக்கமின்மையோ சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கடைசியாக, உதவிக்கு வரும் அந்தப் பெண். அவர் சுற்றியதை அவர் கண்ணெதிரே பிரித்துச் சுற்றுவதை நாளை முதல் நிறுத்திவிடுங்கள்; தட்டில் எது போகலாம், எது கூடாது என்பதை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே இருவரும் பேசி முடிவுசெய்துகொண்டால் போதும்.