கேள்வி – பதில்: எமோ என்பது சத்தமா, சட்டையா, வசையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எமோ என்ற ராக் இசை வகையையும் அதன் ரசிகர்களையும் பற்றியவை. மற்றவை அடுத்த இதழில்.

கல்லூரியில் என் நண்பர்கள் மூன்று பேர் தங்களை ‘எமோ’ என்கிறார்கள். ஒருவன் கறுப்புச் சட்டை, கண்ணில் மை. இன்னொருவன் சாதாரணக் கட்டம்போட்ட சட்டையோடு கிட்டாரில் கிணுகிணு என்று வாசிக்கிறான். மூன்றாமவன் தொண்டை கிழியக் கத்துகிறான். யார் சொல்வது உண்மை?
– வாசகர், சேலம்

மூவர் சொல்வதும் உண்மைதான். ஆளுக்கொரு பத்தாண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவே.

கத்துகிற நண்பர் வேருக்குப் பக்கத்தில் நிற்கிறார். 1980களின் நடுவில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஹார்ட்கோர் பங்க் (வேகமும் மூர்க்கமும் கூடிய பங்க் ராக்) கச்சேரிகள் அடிதடியில் முடிவது வழக்கமாகிவிட்டிருந்தது. அதில் சலித்துப்போனவர்கள் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைச் சுற்றிப் புதுக் குழுக்களாகத் திரண்டார்கள். 1985 கோடைக்கு ‘ரெவல்யூஷன் சம்மர்’ என்றே பேர். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்ப்ரேஸ் இரண்டும் அந்தக் கூட்டத்தின் முக்கியமான குழுக்கள். வேகம் அதேதான், ஆனால் பாட்டின் பொருள் மாறியது. அரசையும் போலீஸையும் திட்டிய இடத்தில் சொந்த இழப்பும் குற்ற உணர்ச்சியும் வந்தன. மையும் இல்லை, நெற்றிமுடியும் இல்லை. உங்கள் நண்பரின் முழு அலறல் பாணிக்கு ஸ்க்ரீமோ என்று பேர். அது 1990களின் தொடக்கத்தில் சான் டியாகோ பக்கம் கிளைத்தது.

கட்டம்போட்ட சட்டைக்காரர் 1990களின் ஆள். சியாட்டிலின் சன்னி டே ரியல் எஸ்டேட் 1994-இல் வெளியிட்ட முதல் ஆல்பமும், இல்லினாய் மாநிலத்து அர்பானாவின் அமெரிக்கன் ஃபுட்பால் 1999-இல் வெளியிட்ட ஆல்பமும் அவருக்கு வேதம். அன்றைய ரசிகர்களின் கோலம் பழைய துணிக்கடை ஸ்வெட்டரும் தடித்த சட்டம் வைத்த கண்ணாடியும்தான். நூலகத்தில் வேலை பார்ப்பவர் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கண்மை நண்பர் 2000களுக்கு உரியவர். நியூ ஜெர்சி, லாங் ஐலண்ட், சிகாகோ குழுக்கள் எம்டிவி தொலைக்காட்சிக்கும் மைஸ்பேஸ் சமூக வலைதளத்துக்கும் வந்த பிறகுதான் ஒரு கண்ணை மறைக்கும் முடி, ஆணி பதித்த பெல்ட், ஒட்டிய ஜீன்ஸ் எல்லாம் சேர்ந்தன. உலகம் முழுக்க எமோ என்றால் நினைவுக்கு வரும் படம் இந்தச் சில ஆண்டுகளில் எடுத்தது.

வித்தியாசம் காதில் விழ வேண்டுமானால் ஒரே மாலையில் மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் குரல் எங்கே உடைகிறது என்று கவனியுங்கள். சன்னி டேயில் பாட்டு அடங்கியிருந்து திடீரென வெடிக்கும் இடத்தில் டிரம்ஸைக் கவனியுங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் இரண்டு கிட்டார்களும் ஒரே கார்டை இழுக்காமல் தனித்தனி வழியில் போவதைக் கவனியுங்கள். இதன் பிறகு ‘எது அசல் எமோ’ என்ற சண்டையில் பாதி தானாக ஓய்ந்துவிடும்.

மை கெமிக்கல் ரொமான்ஸ் எமோவா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லவும். எங்கள் வாட்ஸ்அப் குழுவே இரண்டாகிவிட்டது.
– வாசகி, திருச்சி

ஒரே வார்த்தைக்கு வழியில்லை. அந்த நியூ ஜெர்சி ராக் குழுவின் பாடகர் ஜெரார்ட் வே 2007-இல் ஒரு கல்லூரிப் பத்திரிகையிடம் எமோ என்பதையே குப்பை என்று ஏசி, தங்கள் குழு ஒருநாளும் எமோ இல்லை என்றார். ‘பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார்’ என்று இதைத்தான் ஒரு தரப்பு நீட்டுகிறது.

அந்த வாதம் நிற்காது. குழுவின் மறுப்பை வைத்து முடிவு செய்வதென்றால் எமோ குழு என்று ஒன்றுமே மிஞ்சாது. 1986-இல் ஒரு ஸ்கேட்போர்டு பத்திரிகை எம்ப்ரேஸ் முதலான குழுக்களை ‘எமோகோர்’ (எமோஷனல் ஹார்ட்கோர், அதாவது உணர்ச்சிமயமான ஹார்ட்கோர்) என்று எழுதியதும், எம்ப்ரேஸின் இயன் மெக்கே அதை மேடையிலேயே படு முட்டாள்தனம் என்று கழற்றி எறிந்தார். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் கை பிச்சியோட்டோ பின்னாளில் கேட்டதும் நியாயமான கேள்வி: எங்களுக்கு மட்டும்தான் உணர்ச்சியா, எங்களுக்கு முன் வந்த ஹார்ட்கோர் குழு பேட் பிரெயின்ஸ் எல்லாம் இயந்திர மனிதர்களா? இந்தப் பெயரை ஊரார் வைத்தார்கள், உரியவர் வாங்கிக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டாக இதே கதைதான்.

ஆகவே சண்டையைத் தீர்க்கக் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் வழிவந்த இசையா என்றால், தூரத்து உறவு. அவர்கள் பாட்டில் குவீன், ஐயர்ன் மெய்டன் என்ற பழைய ராக் குழுக்களின் சாயல்தான் அதிகம் கேட்கும். 2004 முதல் 2008 வரை தன்னை எமோ என்று சொன்ன பிள்ளைகளின் குழுவா என்றால், சந்தேகமே வேண்டாம், அவர்கள்தான். லண்டனில் ஒரு நாளிதழ் எமோவைத் தற்கொலைக் கூட்டம் போலச் சித்தரித்தபோது, 2008 மே 31 அன்று அதன் அலுவலக வாசலில் நின்று கண்டனம் தெரிவித்தவர்கள் இக்குழுவின் ரசிகர்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவின் இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கோத், எமோ, சீன்: மூன்றும் ஒன்றுதானே?
– வாசகர், கோலாலம்பூர்

இல்லை. கோத் 1970களின் இறுதியில் பிரிட்டனில் பௌஹாஸ் போன்ற போஸ்ட்-பங்க் (பங்குக்குப் பின் வந்த பாணி) குழுக்களிடமிருந்து வந்தது. கனத்த பேஸ் கிட்டார், தாழ்ந்த குரல். எமோவுக்குத் தாய்வீடு அமெரிக்க ஹார்ட்கோர். சீன் என்பது மைஸ்பேஸ் காலத்தில் எமோ கோலத்தின்மேல் பளீர் நிறங்களைப் பூசியது; அதற்கென்று ஒரே இசை கிடையாது.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் எந்நேரமும் இந்தப் பாட்டுதான் கேட்கிறான். கறுப்பு உடை தவிர எதையும் தொடுவதில்லை. ‘எமோ பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்வார்கள்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். பாட்டை நிறுத்திவிடட்டுமா?
– ஒரு தாய், கோவை

நிறுத்தாதீர்கள், அம்மா. பாட்டைப் பிடுங்கினால் அவன் மனம் தெரியும் ஜன்னலைச் சாத்தியதுபோல் ஆகும்.

பக்கத்து வீட்டுப் பேச்சுக்குப் பின்னால் அரைகுறையாகச் சுற்றும் ஓர் ஆய்வும் இருக்கக்கூடும். பிரிட்டனின் பிரிஸ்டல் வட்டாரத்தில் சுமார் 3,700 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. பதினைந்து வயதில் தங்களை அழுத்தமாக கோத் என்று சொன்னவர்களிடம், பதினெட்டில் மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. கவனியுங்கள், அது கோத் பற்றியது. செய்தியாகும்போதுதான் எமோ தலையிலும் விழுந்தது. கோத் ஆனதால் மனச்சோர்வு வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லவும் இல்லை. ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கும் பிள்ளை அந்தக் கூட்டத்தைத் தேடிப் போவதும் நடக்கும்.

சட்டையின் நிறத்தை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருக்கிறதா? நண்பர்களைத் தவிர்க்கிறானா? வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறானா? பிரியமான பொருள்களை யாருக்காவது கொடுத்துவிடுகிறானா? முக்கியமாக, அந்தப் பாட்டையே கேட்காமல் விட்டுவிட்டானா? எதிலும் பிடிப்பில்லாமல் போவதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி.

இவற்றில் ஏதாவது இருந்தால், ‘உன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா கண்ணா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றாலோ காயம் தெரிந்தாலோ அழுகையும் திட்டும் வேண்டாம். முதலுதவி செய்துவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இவை எதுவும் இல்லையென்றால், அவனுக்குப் பிடித்த ஒரு பாட்டை உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். நடுவில் கருத்துச் சொல்லாதீர்கள், அதுதான் கடினம்.

முடியில் சிவப்பு, நீலக் கீற்று கேட்டால் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கறுமுடியில் அந்த நிறம் பிடிக்க முதலில் ப்ளீச் செய்ய வேண்டும். வீட்டில் அதிக நேரம் விட்டுத் தலைத்தோலைப் பொசுக்கிக்கொள்வார்கள்.

வெறும் பட்டப்பெயர்தானே, அதற்கு ஏன் இவ்வளவு விவாதம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பெயர் ரசிகரின் கையிலிருந்து எதிராளியின் கைக்குப் போகும்போது விளையாட்டு முடிந்துவிடுகிறது. மெக்சிகோவில் 2008 மார்ச்சில் கேரேத்தரோ நகரின் மையச் சதுக்கத்தில் பெருங்கூட்டம் ஒன்று எமோ பிள்ளைகளைத் தேடித் தேடி அடித்தது. சில நாளில் மெக்சிகோ நகரத்துக்கும் பரவியது. எங்கள் பாணியைத் திருடினார்கள் என்பது பங்க், மெட்டல் ரசிகர்கள் சொன்ன காரணம். ஆண்பிள்ளை மை தீட்டுவதா என்ற வெறுப்பு அதன் அடியில் இருந்தது. எமோக்கள் ஊர்வலமாகப் போய் நியாயம் கேட்டார்கள்.

இராக்கில் நடந்தது இன்னும் கொடியது. 2012 தொடக்கத்தில் அந்நாட்டு உள்துறை அமைச்சகம் எமோவைச் சாத்தான் வழிபாடு என்று அறிவித்தது. அதையொட்டி பாக்தாத்தில் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். நீண்ட முடியோ இறுக்கமான ஜீன்ஸோ ஒருபால் ஈர்ப்பு உள்ளவர் என்ற சந்தேகமோ போதுமானதாக இருந்தது. வாஷிங்டன் குழுக்களின் பேர்கூடத் தெரியாதவர்களும் அந்தப் பெயரால் குறிவைக்கப்பட்டார்கள்.

கிட்டாரில் அமெரிக்கன் ஃபுட்பால் பாணி டியூனிங் வைக்க முயன்றேன். இரண்டாவது கம்பி அறுந்துவிட்டது; நான்காவது கம்பி கடகடவென்று உரசுகிறது. என்ன தவறு?
– வாசகர், சென்னை

நீங்கள் வைத்தது, ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை, எஃப்-ஏ-சி-ஜி-சி-ஈ. வழக்கமான டியூனிங்கிலிருந்து ஆறாவது கம்பி அரைச்சுரம் ஏற வேண்டும், நான்காவது முழுச்சுரம் இறங்க வேண்டும், இரண்டாவது அரைச்சுரம் ஏற வேண்டும். மற்ற மூன்றும் அப்படியே. சும்மா மீட்டினாலே எஃப் மேஜர் 9 கார்டு வரும்.

அரைச்சுரம் ஏற்றினால் கம்பியின் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடும். புதுக் கம்பி தாங்கும். துருவேறியது நட்டிலோ (கழுத்து முனையில் கம்பி தாங்கும் துண்டு) பிரிட்ஜிலோ (உடல் பக்கம் கம்பி தாங்கும் பகுதி) அறும். முழுச்சுரம் இறக்கினால் சுமார் 20 சதவீதம் தளரும். தளர்ந்த கம்பி ஃப்ரெட்டில் உரசும். 10–46 செட்டில் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இரண்டாவது கம்பியை 13-இலிருந்து 12 ஆகவும், நான்காவதை 26-இலிருந்து 28 அல்லது 30 ஆகவும், ஆறாவதை 46-இலிருந்து 44 ஆகவும் மாற்றினால் இழுவிசை ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். உதிரிக் கம்பி விற்கும் கடையில் கேளுங்கள். நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் கம்பி சிக்காமல் நகரும்.

கம்பியை மாற்ற மனமில்லையா? ஆறு கம்பிகளையும் மேலே சொன்னதற்கு அரைச்சுரம் கீழே வைத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். எந்தக் கம்பியும் வழக்கத்தைவிட மேலே ஏறாது, அறுகிற பயம் இல்லை. நான்காவது மட்டும் இன்னும் தளர்வதால் மெல்ல மீட்ட வேண்டும். டியூன் செய்து முடித்ததும் ஆறையும் மறுபடி சரிபாருங்கள். ஃபிளாய்ட் ரோஸ் என்ற, ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ் பூட்டிய கிட்டாரில் இந்த வேலையே வேண்டாம். ஒன்றைத் திருகினால் ஐந்தும் நகரும்.

இந்தப் பாணிக்கு டிஸ்டார்ஷன் தேவையில்லை, விரலால் மீட்டினால் போதும்.

கணினியில் சேர்த்துவைத்த பாட்டுகளை வகை பிரிக்கிறேன். எமோவுக்கு எத்தனை உட்பிரிவு வைக்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

ஒன்றுகூட வேண்டாம். வகைக்கான கட்டத்தில் ‘எமோ’ என்று மட்டும் போடுங்கள். அதில் அரைப்புள்ளி வைத்து இரண்டு மூன்று வகை எழுதினால், சில பிளேயர்கள் அத்தனையையும் சேர்த்து ஒரே புது வகையாக எடுத்துக்கொள்ளும். பட்டியல் நூறாகப் பெருகும். ஊரையும் ஆண்டையும் குறிப்புக்கான கட்டத்தில் எழுதுங்கள்: ‘வாஷிங்டன் 1985’, ‘அர்பானா 1999’. குழுவுக்கு மொத்தமாக அல்லாமல் ஆல்பத்துக்கு ஆல்பம் வகை குறியுங்கள், ஏனென்றால் குழுக்கள் பாதியில் பாணி மாறும். எம்ப்ரேஸ் கலைந்த பிறகு மெக்கேயும் பிச்சியோட்டோவும் சேர்ந்து வாசித்த ஃபுகாசியை எமோவில் போடலாமா என்று அடுத்து எழுதுவீர்கள். ஹார்ட்கோரிலிருந்து விலகி வளர்ந்த பாணியான போஸ்ட்-ஹார்ட்கோரில் போடுங்கள்.