மூடிய கோரைத் திறக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஃபீனிக்ஸ், தென்னாப்பிரிக்கா): பிராசசரில் மூடி வைத்து விற்ற கோரை, அதாவது கணக்குப் போடும் பகுதியை, நாமே திறக்கலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். என்னிடம் இருப்பது இன்டெல் ஐ3 பிராசசர். அதில் காட்டியபடி பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் செட்டிங்ஸ்) எல்லா இடத்திலும் தேடிவிட்டேன். கோர் திறக்கும் வழியைக் காணோம்.

பதில்: அந்த வீடியோ ஏஎம்டி கம்பெனியின் பிராசசருக்கு. உங்கள் ஐ3-இல் திறக்க ஒன்றும் இல்லை. தேடுவதை நிறுத்துங்கள்.

கேள்வி (டோங்காட்): மகளின் படிப்புக்காக டர்பனில் ஒரு கடையில், 'குவாட் கோர்' (நான்கு கோர்) என்று எழுதி ஒட்டியிருந்த பழைய கம்ப்யூட்டரை வாங்கினேன். 'ஃபெனாம் II எக்ஸ்4 பி50' என்று காட்டியது. மூன்று மாதம் கழித்து, கடிகாரம் ஓயாமல் பின்னுக்குப் போகிறதே என்று, பக்கத்து வீட்டுத் தம்பி மதர்போர்டில் இருந்த பட்டன் பேட்டரியை மாற்றினார். அதிலிருந்து இரண்டு கோர்தான் தெரிகிறது. தம்பி எதையாவது கெடுத்துவிட்டாரா, அக்கா?

பதில்: பாவம் அந்தத் தம்பி, அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் வாங்கியதே இரண்டு கோர் பிராசசர்தான். ஏஎம்டி 2009இல் விற்ற ஃபெனாம் II எக்ஸ்2 550 அது. உள்ளே இருக்கும் சிலிக்கானில் நான்கு கோர் உண்டு. இரண்டை மூடித்தான் விற்றார்கள். சிலவற்றில் மூடிய கோர் பழுதானது. சிலவற்றில் நல்ல கோரே மூடப்பட்டது, விலை குறைந்த ரகம் சந்தைக்கு வேண்டுமே! எது எப்படி என்று வெளியில் இருந்து யாருக்கும் தெரியாது. சில மதர்போர்டுகளின் பயாஸில் அதைத் திறந்து பார்க்க வழி உண்டு. திறந்தால் 550இன் பெயர் 'எக்ஸ்4 பி50' என்று மாறும். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, கோரும் மூடிக்கொண்டது.

இதில் எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? சொந்த கம்ப்யூட்டரில் கோரைத் திறந்து பார்ப்பது ஒரு விளையாட்டு; வந்தால் லாபம், வராவிட்டால் போகட்டும். அதே விளையாட்டைக் கடைக்காரர் விலைச்சீட்டில் ஏற்றி, விவரம் தெரியாத ஒரு தாயிடம் காசாக்குகிறார். பழைய கம்ப்யூட்டர் விற்பவர்கள் பலருக்கு இது பழக்கமாகிவிட்டது. 'குவாட் கோர்', 'கேமிங்', 'டெஸ்டட்' என்று பெரிய எழுத்தில் ஒட்டுவார்கள். பிராசசரின் முழுப் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. கேட்டால், 'எல்லாம் ஒன்றுதான் ஆன்ட்டி' என்பார்கள். ஒன்றுதான் என்றால் எழுதுவதற்கு என்ன கஷ்டம்? பழுதான கோர் திறந்திருந்தால் கம்ப்யூட்டர் உடனே நின்றுவிடும் என்றும் இல்லை. வாரக்கணக்கில் ஓடிவிட்டு, மகள் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருக்கும் இரவில் நீலத்திரையைக் காட்டும்.

சரி, இனி செய்யவேண்டியது. நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் செல்லும். 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணமா, மாற்றுப் பொருளா, ரிப்பேரா என்பது உங்கள் விருப்பம். 'இரண்டு கோர் பிராசசர்தான், மூடியதைத் திறந்து வைத்திருக்கிறேன்' என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் ஒத்துக்கொண்டிருந்தால்தான் கதை வேறு. 'ஃபுட்ஸ்டூட்ஸ்' (உள்ளது உள்ளபடியே விற்பனை) என்று ரசீதில் முத்திரை குத்தியிருந்தாலும் பயப்படாதீர்கள், கடைக்காரருக்கு அது மட்டும் போதாது. பயாஸில் மறுபடி திறந்து கொடுத்து அனுப்பப் பார்ப்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். விலைச்சீட்டைப் படம் எடுத்திருந்தால் பத்திரம். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் 20,000 ராண்டு வரைக்கும் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, அங்கே வக்கீல் வேண்டாம்.

கேள்வி (மெரிபேங்க்): கோர் திறந்து கொடுக்க ரிப்பேர் கடையில் 450 ராண்டு கேட்கிறார்கள். மதர்போர்டு ஆஸ்ராக், பிராசசர் ஃபெனாம் II எக்ஸ்2 555. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆஸ்ராக் போர்டின் பயாஸில் அது 'யுசிசி' என்ற ஒரே ஒரு வரி. அசூஸில் 'கோர் அன்லாக்கர்'. இன்னும் பழைய, எஸ்பி710, எஸ்பி750 சிப் உள்ள போர்டுகளில் 'ஏசிசி' என்று இருக்கும். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். திறந்தபின் பிராசசரைச் சோதிக்கும் பிரைம்95 புரோகிராமைப் போட்டு ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் மூடிவிடுங்கள். சில போர்டுகளில் பழுதான கோரை மட்டும் மூடி மூன்றோடு ஓட்டலாம். கம்ப்யூட்டர் ஆனே ஆகவில்லையா? மதர்போர்டில் பயாஸை அழிக்க இருக்கும் சிமாஸ் ஜம்பரால் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

கவனம்: திறந்தபின் கோர் வெப்பநிலை காட்டும் எண்களை நம்ப முடியாது, ஹீட்சிங்க்கை (பிராசசர் மேல் இருக்கும், சூட்டை இழுக்கும் உலோகம்) தொட்டுப் பாருங்கள். 80 வாட் என்று குறித்த சிப் இனி அதற்கு மேல் இழுக்கும், பவர் சப்ளை தாங்கவேண்டும். என் அலமாரியில் '500 வாட்' ஸ்டிக்கரோடு ஒன்று கிடக்கிறது. கையில் தூக்கினால் காலி பிஸ்கட் டின்தான். பயாஸை அப்டேட் செய்வதாக இருந்தால், கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள். பாதியில் போனால் போர்டே போச்சு.

கேள்வி (சாட்ஸ்வர்த்): நான்கு கோர் ஆகும் என்று நம்பி எக்ஸ்2 555 வாங்கினேன். ஆகவில்லை. மூன்று வாரம் ஆகிறது, ஆன்லைன் கடை திருப்பி எடுக்க மறுக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

பதில்: யார் ஏமாற்றினார்கள்? இரண்டு கோர் என்று போட்டிருந்தார்கள், இரண்டு கோர் கொடுத்தார்கள். ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் திருப்ப ஏழு நாள் உண்டு, திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): நான்கு கோரும் நன்றாக ஓடுகிறது. இனி விண்டோஸ் 11 போடலாமா?

பதில்: முடியாது. கோர் போதாமல் இல்லை. விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட் பிராசசர் பட்டியலில் ஃபெனாம் இல்லை, அதன் 24எச்2 பதிப்புக்கு வேண்டிய எஸ்எஸ்இ4.2 கட்டளைகளும் ஃபெனாமில் கிடையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டு, மிச்சக் காசில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்குங்கள். மற்ற இரண்டு கோரைத் திறந்ததைவிட அதுதான் கண்ணுக்குத் தெரியும்.