காணி கேட்டவை, பதில் சொன்னவை

கேள்வி: யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் 48 பரப்புத் தோட்டக்காணியைத் துண்டு போட்டு விற்கிறார்கள். விற்பவர் சிறுவர் பூங்காவுக்கு 4 பரப்புத் தானம் செய்த கொடையாளி என்று நோட்டீசில் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அது தானமே அல்ல. ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 39½ பரப்புக்கு, மேற்பட்ட காணியைப் பிரித்தால் பாதை நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத்தேவைக்கு ஒதுக்கவேண்டும் என்பது நகர அபிவிருத்தி விதி. பாதைக்கு 8 பரப்புப் போனால் மிச்சம் 40, அதில் 4. கணக்கு அச்சொட்டாக இருக்கிறதே!

பிரதேச சபை அங்கீகரித்த பிரிப்பு வரைபடத்தைக் கேளுங்கள். பூங்காத் துண்டுக்குத் தனி இலக்கம் இருக்கவேண்டும். அது சபையின் பெயருக்கு உறுதி (காணிப் பத்திரம்) முடிந்ததா என்று காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது பதிவேட்டுப் பிரதி, எடுத்துப் பாருங்கள். பலகை மட்டும் நட்டிருந்தால், மற்றத் துண்டுகள் விற்று முடிந்ததும் அதுவும் விலைக்கு வரும்.

பரப்பிலும் கவனம். அதில் இரண்டு வகை உண்டு. மேட்டுக்காணிக்கான வரகுப் பரப்பு 18 குழி, 10 பேர்ச் (160 பேர்ச் ஓர் ஏக்கர்). வயலுக்கான நெற்பரப்பு 12 குழிதான்; 6⅔ பேர்ச்சுக்குக் கிட்ட. பழைய உறுதியில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்கவேண்டாம்.

உண்மையாகவே கொடை கொடுப்பவர் நன்கொடை உறுதி எழுதுவார், பெறுபவரும் அதிலே ஏற்றுக் கையொப்பமிடுவார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, காணி தேடியதேட்டமென்றால் (கலியாணத்துக்குப் பின் தேடிய சொத்து) பாதி மனைவியுடையது. அவரையும் சேர்த்தே எழுதுவிப்பது நல்லது.