பிரிட்டனில் பாய்மரப் படகு கிளப்புகள் தங்கள் கரையோர இடத்தை லைஃப்போட் (கடல் மீட்புப் படகு) நிலையத்தோடு பகிர்ந்துகொள்ளத் தயங்குவது ஏன்? உயிர் காக்கிற வேலைக்கு இடம் கொடுக்கவும் யோசிக்கலாமா?

யோசிக்கலாம், யோசிக்கத்தான் வேண்டும். யோசித்து முடித்ததும் இடத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. வேல்ஸுக்கும் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் இடையே உள்ள பிரிஸ்டல் சேனல் என்ற கடற்பகுதியின் கரையில் உள்ள ஒரு சிறிய கிளப்பில் நான் உறுப்பினர், கமிட்டியிலும் இருக்கிறேன். எங்களிடமும் இந்தப் பேச்சு வந்தது, கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. தயங்கியவர்களைச் சுயநலக்காரர்கள் என்று வெளியில் சிலர் சொன்னார்கள், அது நியாயமே இல்லை. அவர்களில் பாதிப் பேர் மாதாமாதம் லைஃப்போட்டுக்கு நன்கொடை கொடுப்பவர்கள்.

முதலில் இங்கே ஏற்பாடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை, மரைன் போலீஸ், பல நேரம் பக்கத்துப் படகு மீனவர். பிரிட்டனில் 999-ஐ அழைத்தால் அந்த அழைப்பைக் கையாள்வது அரசின் கோஸ்ட்கார்டு, ஆனால் பெரும்பாலான இடங்களில் தண்ணீரில் இறங்கி வருவது ஆர்.என்.எல்.ஐ. என்ற அறக்கட்டளையின் படகு. 1824-இல் தொடங்கியது, பிரிட்டன், அயர்லாந்து இரண்டிலும் சேர்த்து 238 நிலையங்கள். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அவர்களில் பத்தில் ஒருவர்தான் கடல் தொழில் தெரிந்தவர், மற்றவர்கள் ஆசிரியர், பிளம்பர், கடைக்காரர் என்று ஊர்க்காரர்கள். பேஜர் அடித்ததும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு சொந்தக் காரில் பறந்து வருவார்கள். அந்தக் கார்கள் எந்த கேட் வழியாக நுழையும், எங்கே நிற்கும் என்பதிலிருந்தே பிரச்சினை ஆரம்பமாகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை ஸ்லிப்வே, அதாவது படகைத் தண்ணீரில் இறக்கும் கான்கிரீட் சரிவு. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு அங்கே வந்து நின்று பார்த்தால் புரியும். டிங்கிகள் (சின்னப் பாய்மரப் படகுகள்) ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவண்டியில் இறங்கிக்கொண்டிருக்கும், படகு மிதந்ததும் காலி வண்டியைச் சரிவின் ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டு ஏறிவிடுவார்கள், பாசி பிடித்த கீழ்ப்பகுதியில் எட்டு வயதுப் பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள், காற்றில் பாய் படபடக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அந்த நேரத்தில் மேலிருந்து டிராக்டர் மீட்புப் படகைத் தள்ளிக்கொண்டு இறங்கினால்? யார் அந்த வண்டிகளை இழுத்து ஒதுக்குவது, யார் பிள்ளைகளை ஓரத்துக்குக் கொண்டு வருவது? லைஃப்போட்டுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், அதை யாரும் மறுக்கவில்லை. நிமிடம் முக்கியம் என்பதால்தான் எங்களுக்குப் பயம்.

எங்கள் பக்கம் ஓதம் வேறு ஒரு சிக்கல். பிரிஸ்டல் சேனலின் மேற்பகுதியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். உலகிலேயே மிகப் பெரிய ஓத வேறுபாடுகளில் அதுவும் ஒன்று. தண்ணீர் வற்றினால் சரிவுக்குக் கீழே வெறும் சேறு. அதனால் படகு இறக்க வசதியான சில மணி நேரங்களுக்குள் கிளப் முழுவதும் அடித்துப்பிடித்து இறங்கியாக வேண்டும். கடலில் ஆள்நடமாட்டம் கூடுகிற நேரமும் விபத்து நடக்கிற நேரமும் அதுதான். காலை உங்களுக்கு, மாலை எங்களுக்கு என்று பிரித்துக்கொள்ள வழியே இல்லை.

எந்தப் படகு வரப்போகிறது என்று கேட்பதும் அவசியம். டி கிளாஸ் என்றால் 5 மீட்டர் ரப்பர் படகு, சமாளித்துவிடலாம். அட்லாண்டிக் 85 என்றால் 8 மீட்டருக்கு மேல் நீளம், 35 நாட் (மணிக்கு சுமார் 65 கி.மீ.) வேகம், அதை இறக்க டிராக்டர், டிராக்டருக்கு ஒரு கொட்டகை, எரிபொருள் சேமிப்பு, பணியாளர் உடை மாற்றும் அறை, பயிற்சி அறை. சின்ன ஷெட் என்று தொடங்கிய பேச்சு சுலபமாகக் கட்டடமாக வளரும்.

அடுத்தது நிலம். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "நாளைக்கு நம் வீட்டிலேயே நாம் ஒண்டுக்குடித்தனம் இருக்க வேண்டிவரும்" என்றார். உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார் என்று அப்போது பலர் நினைத்தார்கள், ஆனால் சட்டப்படி அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954-ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் கடைக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் பொருந்துவதில்லை, ஓர் அமைப்பு கூட்டாக நடத்தும் எந்தச் செயல்பாடும் அதற்குள் வரும், அறக்கட்டளையும் வரும், கிளப்பும் வரும். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே முறைப்படி விலக்கிக்கொள்ளாமல் குத்தகை கொடுத்தால், காலம் முடிந்ததும் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட முடியாது, சட்டம் அனுமதிக்கிற காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். அதற்கும் மேலே, பல கிளப்புகளுக்கு அவர்கள் நிற்கிற கரையே சொந்தம் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓதம் ஏறி இறங்கும் கரைப் பகுதியில் ஏறக்குறைய பாதி, அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் கையில், மிச்சத்தில் நகரசபை, தனியார் என்று கலந்து கிடக்கும். தானே குத்தகைக்கு இருக்கிற கிளப் இன்னொருவருக்கு உள்குத்தகை கொடுக்க நில உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அப்போது வாடகையையும் திருப்பிப் பேசலாம் என்று அவர் நினைத்தால் கதை நீளும்.

உடை மாற்றும் அறை, சாவி விவகாரமும் உண்டு. பிள்ளைகள் பயிற்சிக்கு வரும் இடம் என்பதால், இரவும் பகலும் யார் யார் உள்ளே வந்துபோகலாம் என்பதில் கிளப்புக்குப் பொறுப்பு இருக்கிறது. தனி வாசலும் தனி அறையும் வைத்தால் தீர்ந்துவிடும், இதைச் சாக்காக வைத்து மறுப்பது எனக்குப் பிடிக்காது.

ஆதரவாகப் பேசியவர்களிடமும் இரண்டு தப்பான நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, பணக்கார அறக்கட்டளை, நமக்கும் புது கிளப்ஹவுஸ் கட்டித் தரும் என்பது. நன்கொடைப் பணத்தை அவர்கள் உயிர் காக்கும் வேலைக்குத்தான் செலவு செய்ய முடியும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இன்னொன்று, லைஃப்போட் பக்கத்திலேயே இருந்தால் ரேஸின்போது துணைக்குப் போகும் நம் சேஃப்டி போட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது. இது ஆபத்தான நினைப்பு. உங்கள் பிள்ளையின் டிங்கி கவிழும் நேரத்தில் அந்தப் படகு பத்து மைல் தள்ளி வேறு யாரையோ தூக்கிக்கொண்டிருக்கலாம்.

சேஃப்டி போட் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இதே பிரிஸ்டல் சேனல் கரையில் நடந்தது. வேல்ஸில் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் உள்ள அட்லாண்டிக் காலேஜ் மாணவர்களின் பாய்மரப் படகுகளுக்குத் துணை போக ஒரு படகு தேவைப்பட்டது. 1960-களில் அங்கே முதல்வராக இருந்த டெஸ்மண்ட் ஹோர் என்ற கடற்படை அதிகாரியும் மாணவர்களும் கெட்டியான அடிப்பகுதியும் சுற்றிலும் காற்றடைத்த குழாயும் கொண்ட படகை உருவாக்கினார்கள். அதன் காப்புரிமையை ஒரே ஒரு பவுண்டுக்கு ஆர்.என்.எல்.ஐ.-க்குக் கொடுத்தார் ஹோர். அட்லாண்டிக் 85-க்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் கல்லூரியால்தான். 1963 முதல் 2013 வரை லைஃப்போட் நிலையமும் கல்லூரி வளாகத்திலேயே இருந்தது, மாணவர்களே பணியாளர்கள். ஐம்பது வருடம் ஒரே கரையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள், நம்மால் முடியாதா என்று நான் கமிட்டியில் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

முடியும், எழுத்தில் இருந்தால். சரிவில் லைஃப்போட்டுக்கே எப்போதும் முதல் உரிமை, அதில் பேரம் கூடாது. ரேஸ் நடக்கும் நேரம் முழுக்க கரையில் ஒருவர் நிற்க வேண்டும், பேஜர் அடித்ததும் சரிவைக் காலி செய்வது மட்டுமே அவர் வேலை, காலி வண்டி ஒன்றுகூடச் சரிவில் கிடக்கக் கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் பணியாளர் கார்களுக்குக் கோடு போட்ட இடம், கிளப் தலைவரே ஆனாலும் அங்கே வண்டி நிறுத்தக் கூடாது. இதெல்லாம் எங்கள் பக்கத்துக் கடமை. அவர்கள் பக்கத்தில் குத்தகையின் எல்லையும் காலமும் தெளிவாக இருக்க வேண்டும், பெரிய படகு கொண்டுவர நினைத்தால் மறுபடி வந்து பேச வேண்டும். வக்கீல் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

எங்களிடம் இன்னும் தீராமல் இருப்பது கான்கிரீட்தான். இரண்டு பேர் தள்ளுகிற டிங்கிக்காகப் போட்ட பழைய சரிவு, அதன் மேல் டிராக்டர் ஓடினால் விரிசலை யார் சரிசெய்வது? முதல் டிராக்டர் இறங்குவதற்கு முன்பே பொறியாளரை அழைத்து, ஓதம் வற்றிய நேரத்தில் அடிவரை பார்க்கச் சொல்லி, அந்த அறிக்கையை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும் என்று நான் சொல்லிவருகிறேன். பராமரிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அதை வைத்துத்தான் பேச முடியும்.