'புளூ ஹவாய்' பாடலை எந்தப் பதிவைக் கேட்டுப் பயில்வது?

கேள்வி: என் பெற்றோரின் திருமண நாளன்று வீட்டில் 'புளூ ஹவாய்' பாட விரும்புகிறேன். தம்பி கிட்டார் வாசிப்பான், தங்கை கீபோர்டு. இது எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்று நினைத்திருந்தோம்; பிங் கிராஸ்பியின் பாட்டு என்கிறார் பெரியப்பா. எந்தப் பதிவை வைத்துப் பயில்வது? அதில் வழுக்கிச் செல்லும் கிட்டார் ஒலியைச் சாதாரண கிட்டாரில் கொண்டுவர முடியுமா?

பதில்: உங்கள் பெரியப்பா சொல்வதே சரி. ரால்ஃப் ரெயிஞ்சர் இசையமைத்து லியோ ராபின் எழுதிய இப்பாடல், 1937-இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'வைகிகி வெட்டிங்' என்ற படத்துக்காக உருவானது. அதில் கதாநாயகனாக நடித்தவர் கிராஸ்பி. ஆனால் அவ்வாண்டுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது அதே படத்தில் இடம்பெற்ற, ஹாரி ஓவன்ஸ் இயற்றிய 'ஸ்வீட் லெய்லானி'. இசைத்தட்டிலும் அதுவே முதற்பக்கம். 'புளூ ஹவாய்' அதன் மறுபக்கம். பாடலின் பெயரையே தலைப்பாகக் கொண்டு எல்விஸின் படம் 1961-இல் வந்தபோதுதான் மறுபக்கத்துப் பாட்டு உலகறிந்ததாயிற்று.

பயில்வதற்குக் கிராஸ்பியின் பதிவையே முதலில் பரிந்துரைக்கிறேன். லானி மெக்கின்டயரின் ஹவாய்க் குழு மட்டுமே அதில் பின்னணி வாசிப்பதால், மூவர் கூடி வாசிக்கும் உங்கள் நிகழ்ச்சிக்கு அதன் அளவு பொருந்தும். சொற்களை அவசரமின்றி, பேசுவது போல அவர் விடுவதும் கவனிக்கத்தக்கது. 1958-இல் வெளிவந்த ஃபிராங்க் சினாட்ராவின் பதிவு அழகானதே எனினும், பில்லி மே அமைத்த பெரிய இசைக்குழுவை எடுத்துவிட்டால் அதில் பாதி காணாமற்போகும். எல்விஸின் பதிவில் நீண்ட ஸ்வரங்களுக்கு அடியில் ஜார்டனேர்ஸ் குழுவினரின் குரல்கள் நிற்கின்றன. அந்தக் கூட்டுக்குரல் இல்லாமல் அவரைப் பின்பற்றும்போது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஏற்படும் வெறுமையை நிரப்பக் குரலை நடுங்கவிடத் தோன்றும். அது போலிக்குரலாகவே கேட்கும். அந்த இடைவெளியைத் தம்பியின் கிட்டாருக்கு விட்டுவிடுங்கள்.

பாடல் 32 தாள அளவுகள் கொண்டது. முதல் பகுதி இருமுறை வந்து, நடுவில் வேறொரு பகுதி வந்து, மீண்டும் முதல் பகுதிக்கே திரும்பும். குரலுக்கு இசைந்தால் ஜி மேஜர் சுருதியில் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதல் பகுதி ஜி, சி, ஜி என்று அமைதியாகத் தொடங்கி, இ7, ஏ7, டி7 என்ற மூன்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) வழியாக ஜி-க்கு வந்து சேரும். சுருதிக்குள் அடங்காத இ7 வரும் அந்தத் திருப்பத்தில்தான் பாட்டின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது என்பது என் கருத்து. எனவே அங்கே குரலை ஏற்றாதீர்கள், கார்டு மாறுவது கேட்கட்டும். நடுப்பகுதி ஜி7-இலிருந்து சி-க்குச் சென்று, மீண்டும் ஜி-யைத் தொட்டு, ஏ7, டி7-இல் முடியும்.

இனி கிட்டார். நம்மவர்கள் 'ஹவாயன் கிட்டார்' என்று சொல்லும் இம்முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மாணவராக இருந்த காலத்தில் உருவாக்கியவர் என்ற பெருமை ஹவாயைச் சேர்ந்த ஜோசப் கெகுகுவுக்கு உரியது. கிட்டாரை மடியில் மல்லாத்தி வைத்து, விரலால் அழுத்துவதற்குப் பதிலாக எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்துவதே இதன் அடிப்படை. சாதாரண கிட்டாரில் அந்த எஃகுத் துண்டு, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃபிரெட்டில் இடிக்குமாதலால், தந்திகளை உயர்த்தும் நட் எக்ஸ்டென்டர் என்ற சிறு உலோகப் பட்டையை இசைக்கருவிக் கடையில் வாங்கிப் பொருத்துங்கள். பின்னர் ஆறாம், ஐந்தாம், முதலாம் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் தாழ்த்தினால், தடித்த தந்தியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி என்று அமையும். இப்போது எஃகை நேராக வைத்தாலே முழுக் கார்டு கிடைக்கும்: பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஜி, ஐந்தில் சி, ஒன்பதில் இ, இரண்டில் ஏ, ஏழில் டி. ஜி சுருதியைச் சொன்னதற்கு இதுவே காரணம். இ7, ஏ7, டி7 கார்டுகளில் கூடுதலாக வரும் ஏழாம் ஸ்வரங்கள் இம்முறையில் கிடைக்கா. அவற்றைத் தங்கை கீபோர்டில் வாசிக்கட்டும்.

எஃகுத் துண்டு ஃபிரெட்டுகளுக்கு இடையில் நிற்காமல், ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சற்றுத் தள்ளினாலும் சுருதி விலகும். அதற்குப் பின்னால் இடக்கை விரல்களைத் தந்திகளில் மெல்லப் படியவிடாவிட்டால் தேவையற்ற இரைச்சல் எழும். வழுக்கலை வரிகளின் முடிவில் மட்டும் வைத்துக்கொள்ளத் தம்பியிடம் சொல்லுங்கள். நீங்கள் பாடும்போதெல்லாம் அவரும் இழுத்தால் இரண்டு பாடகர்கள் மோதுவது போலாகிவிடும்.

வீட்டுக்குள் குடும்பத்தார் முன் பாடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. காணொளியை இணையத்தில் ஏற்றினால், அமெரிக்கச் சட்டப்படி இப்பாடலின் காப்புரிமை 2032 இறுதிவரை இருப்பதால், விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளி தடுக்கப்படலாம். குறிப்பில் ரெயிஞ்சர், ராபின் பெயர்களைப் போடுவது மரியாதையே தவிர, அனுமதிக்கு ஈடாகாது.