அவசரநிலையைச் சொல்ல எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரிய வேண்டும்?

கேள்வி: விமானி உரிமத்துக்காகப் பயிற்சி பெற்று வருகிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தாய்மொழியில்தான். ஆங்கில மொழித்திறன் தேர்வின் ஆறு நிலைகளில் நான்காம் நிலை பெற வேண்டுமானால், விமானப் பாதுகாப்பு, அவசரகால நடைமுறை ஆகியவை பற்றிய சில ஆயிரம் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தே தீர வேண்டும் என்று ஒரு பயிற்சி நிலையத்தின் முகவர் சொல்கிறார். அந்தச் சொற்தொகுப்பை வாங்கினால் 'ஐ.சி.ஏ.ஓ. சான்றிதழும்' தருவார்களாம். வாங்கலாமா? ஆபத்து நேரத்தில் சொல் கிடைக்காமல் திணறுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: வாங்க வேண்டாம். முதலில் அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதிமுறைகளை வகுக்கிறதே தவிர, தனிமனிதர் எவருக்கும் ஆங்கிலச் சான்றிதழ் வழங்குவதில்லை. உங்கள் மொழித்திறன் நிலையை உரிமத்தில் பதிவு செய்வது உங்கள் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம். அது ஏற்றுக்கொண்ட மையத்தில் எழுதாத தேர்வுக்கு எந்த மதிப்பும் இல்லை, சான்றிதழில் எத்தனை முத்திரைகள் பளபளத்தாலும் சரி. எந்த மையங்கள் ஏற்கப்பட்டவை என்பதை ஆணையத்திடமே நேரடியாகக் கேளுங்கள், முகவரிடம் கேட்காதீர்கள். பாடம் நடத்துபவரே தேர்வாளராகவும் அமரும் ஏற்பாட்டைக் கண்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள். கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற எளிய நெறியைக்கூடக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தாமல் இருப்பதால்தான் இத்தகைய வியாபாரம் தழைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, தேர்வில் என்ன பார்க்கிறார்கள் என்பது. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடும் திறன் என ஆறு கூறுகளுக்கும் தனித்தனியே நிலை வழங்கப்படும். அவற்றின் சராசரியை எடுப்பதில்லை; ஆறில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் இறுதி நிலை. சொல்வளத்தில் ஆறாம் நிலையே பெற்றாலும் உச்சரிப்பில் மூன்றாம் நிலை என்றால் உங்கள் நிலை மூன்றுதான். மேலும், நான்காம் நிலைக்குரிய சொல்வளம் எது என்பதற்கு ஐ.சி.ஏ.ஓ. தரும் விளக்கத்தில் எண்ணிக்கை ஏதும் இல்லை. வழக்கமான பணிப்பொருள்களைப் பேசப் போதுமான சொற்கள் இருக்க வேண்டும். எதிர்பாராத சூழலில் உரிய சொல் கிடைக்காதபோது, பெரும்பாலும் அதை வேறு சொற்களால் விளக்கிச் சொல்ல முடிய வேண்டும். அதாவது, உங்களைப் பயமுறுத்தும் அந்தத் திணறலை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையே தேர்வு அளக்கிறது.

எனவே இப்படிப் பழகுங்கள். ஹைட்ராலிக் கசிவு என்பதற்கான ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'லிக்விட் இஸ் கமிங் அவுட் நியர் த லெஃப்ட் வீல்' என்றால் தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளருக்குப் புரியும், தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கும். பயணி ஒருவருக்கு வலிப்பு வந்தால் அதன் மருத்துவப் பெயரைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் 'ஹி இஸ் ஷேக்கிங், ஹி கெனாட் ஆன்சர் அஸ்' என்று சொல்லலாம். புகை, தீ, பறவை மோதல், சக்கரம் இறங்காமை, கண்ணாடி விரிசல், விமான அறையின் காற்றழுத்தக் குறைவு ஆகிய ஒவ்வொன்றையும் அதற்குரிய சொல்லைத் தவிர்த்துவிட்டு இரண்டு எளிய வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். சில ஆயிரம் சொற்களை விட இந்தப் பயிற்சி பயன்படும்.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டிய சொற்களும் உண்டு; ஆனால் அவை மிகச் சில. உடனடி உதவி தேவைப்படும் கடும் ஆபத்து என்றால் 'மேடே' என்று மும்முறை சொல்ல வேண்டும். பாதுகாப்பு பற்றிய கவலை இருக்கிறது, ஆனால் உடனடி உதவி தேவையில்லை என்றால் 'பான் பான்' மும்முறை. அதன்பின் யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், என்ன நேர்ந்தது, என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்ற வரிசையில் செய்தி போக வேண்டும். 'மேடே, மேடே, மேடே; டவர்; ஆல்ஃபா பிராவோ சார்லி; எஞ்சின் ஃபெயிலியர்; ரிட்டர்னிங் டு லேண்ட்; ஃபைஃப் மைல்ஸ் சவுத், டூ டௌசண்ட் ஃபீட், ஹெடிங் ட்ரீ சிக்ஸ் ஜீரோ; டூ பெர்சன்ஸ் ஆன் போர்ட்.' இதில் இலக்கணம் என்று சொல்ல எதுவும் இல்லை. 'ட்ரீ', 'ஃபைஃப்', 'டௌசண்ட்' ஆகியவை உச்சரிப்புப் பிழைகள் அல்ல. வானொலியில் எண்களை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. நாக்கு புரளவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

இந்த இரண்டு அழைப்புகளோடு மட்டும் முடிந்துவிடாத ஒன்று எரிபொருள் குறைவு. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விமான நிலையத்தில் இறங்குவது என்று உறுதியாகிவிட்டது, இனி சிறு தாமதம் நேர்ந்தாலும் இறுதி இருப்பில், அதாவது ஜெட் விமானத்துக்கு 30 நிமிட எரிபொருளில், கை வைக்க வேண்டிவரும் என்ற கட்டத்தில் சொல்வது 'மினிமம் ஃப்யூயல்'. அது அவசரநிலை அறிவிப்பு அன்று. அதைச் சொன்னதால் முன்னுரிமையும் கிடைக்காது. பாதுகாப்பாக இறங்கக்கூடிய மிக அருகிலுள்ள நிலையத்தை அடையும்போதே எரிபொருள் இறுதி இருப்பை விடக் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டுவிட்டால், 'மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்' என்றே சொல்ல வேண்டும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த கொலம்பியாவின் அவியான்கா 52 விமானம், எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். விமானக் குழுவினர் 'ப்ரயாரிட்டி' கேட்டார்கள், எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றும் சொன்னார்கள். ஆனால் 'எமர்ஜென்சி' என்ற அறிவிப்பு மட்டும் கட்டுப்பாட்டாளருக்குப் போகவே இல்லை. அவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் குறைவாகத் தெரிந்தன என்பதல்ல சிக்கல். சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல் சொல்லப்படவில்லை.

மனப்பாடமாக இருக்க வேண்டிய வேறு சில சொற்கள்: 'ராஜர்' என்றால் உங்கள் செய்தி கிடைத்தது என்பது மட்டுமே. ஆமாம் என்பதற்கு 'அஃபர்ம்', செய்ய இயலாது என்பதற்கு 'அனேபிள்'. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். 1977-இல் டெனரீஃப் தீவின் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பின் உறுதிப்பட்ட வழக்கம் இது. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்பதே போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பலர் வானொலியில் கொச்சை மொழியில், மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். தெளிவாகவும் நிதானமாகவும் பேச வேண்டிய கடமை அவர்களுக்கும் உண்டு. இருந்தும், அவர்களில் பலரைப் போல ஆறாம் நிலை பெற்றவர் மீண்டும் தேர்வு எழுத வேண்டியதில்லை. நான்காம் நிலையில் இருப்பவர், ஐ.சி.ஏ.ஓ. பரிந்துரைப்படி, மூன்றாண்டுக்கு ஒருமுறை தம்மை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். புரியாமல் போகும் உரையாடலுக்கு ஒரு தரப்பை மட்டும் பொறுப்பாக்கும் இந்த ஏற்பாடு திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தேர்வு அறையில் கேள்வி புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு மனப்பாடம் செய்த பத்தியை ஒப்பிக்காதீர்கள். ஒப்பிப்பதை அனுபவமுள்ள தேர்வாளர் முதல் வாக்கியத்திலேயே கண்டுகொள்வார். 'சே அகெய்ன்' என்று கேளுங்கள், புரிந்ததைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சரிபார்ப்பதும் தெளிவுபடுத்திக்கொள்வதும் நான்காம் நிலையின் உரையாடும் திறனிலேயே அடங்கும். ஆகவே அதற்காக மதிப்பெண் குறையும் என்று முகவர் சொன்னால் நம்ப வேண்டாம்.